மெய்நிகர் இயந்திரம் எழாமையும் அலுவலக அதிகாரக் கட்டமைப்பும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அலுவலக மடிக்கணினியில் வெர்ச்சுவல் மெஷின் ஏன் எழுவதில்லை? பழுது மென்பொருளில் என்பது ஊழியர் மரபு. பழுது ஊழியரிடம் என்பது ஐ.டி. சப்போர்ட் மரபு. இவ்விரு கொள்கைகளையும் மறுத்து, பழுது எதுவுமே இல்லை, எல்லாம் 1974-இல் வகுத்த இலக்கணப்படியே நடக்கிறது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. மூல இலக்கணம்

ஒரே இயந்திரத்தைப் பலருக்கும் தனித்தனி இயந்திரமாகக் காட்டும் வித்தையை ஐ.பி.எம். 1960-களிலேயே சோதித்துப் பார்த்து, 1972-இல் வி.எம்/370 என்ற பெயரில் அறிவித்தது. இரண்டாண்டு கழித்து ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபெர்க் இருவரும் இதற்கு இலக்கணம் எழுதினர். சாரம் மூன்று விதிகள். உள்ளே ஓடும் மென்பொருளுக்குத் தான் நிஜ இயந்திரத்தில் ஓடுவதாகவே தோன்ற வேண்டும். சாதாரணக் கட்டளைகள் பெரும்பாலும் யார் தலையீடும் இன்றி நேரே பிராசஸரில் ஓட வேண்டும். வளங்களின் முழுக் கட்டுப்பாடும் மேலே அமர்ந்திருக்கும் ஹைப்பர்வைசர் என்னும் மேற்பார்வை மென்பொருளிடமே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் தகுதிக்கு மீறிய கட்டளை ஒன்றை இட்டால், அது அங்கேயே பிடிபட்டு மேலிடத்துக்குப் போகும். மேலிடம் பார்த்து ஆவன செய்யும்.

2. நோய்க்குறிகள்

மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் லினக்ஸ் ஒன்றை ஏற்றி ஊழியர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறார். விளைவுகள் மூவகைப்படும்.

நேர்மறுப்பு: விடி-எக்ஸ் (பிராசஸரின் மெய்நிகராக்க வசதி) கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வரும். அதனடியில் வாய்விட்டு வாசிக்க இயலாத பிழைக்குறி ஒன்று இருக்கும்.

கருந்திரை: மேல் இடது மூலையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டும். சிமிட்டுவதால் உயிர் இருக்கிறது எனக் கூறுவாரும் உளர். சிமிட்டல் உயிருக்குச் சான்றாகாது என்பதே எம் துணிபு.

ஆமை: இயந்திரம் எழும், ஆனால் மௌஸை அசைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கீழ்ப்பட்டையில் வழக்கமான சின்னத்தின் இடத்தில் பச்சை ஆமை ஒன்று குந்தியிருக்கும். இது எம் கற்பனை அன்று. மென்பொருளை எழுதியவர்களே வரைந்து வைத்தது. பிராசஸரை விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிடித்துக்கொண்டது, நான் அதன் தயவில் ஓடுகிறேன் என்பது ஆமையின் வாக்குமூலம்.

3. காரண ஆய்வு

இன்டெல் 2005-இலும் ஏ.எம்.டி. 2006-இலும் மெய்நிகராக்கத்துக்கென்றே தனி வசதியைப் பிராசஸரில் சேர்த்தன. பயாஸில் அதை இயக்கிவிட்டால் போதும் என்பது பாமர நம்பிக்கை. ஆனால் அந்த வசதி என்னும் அரியணை ஒரு நேரத்தில் ஒரு ஹைப்பர்வைசருக்குத்தான். ஓர் உறைக்குள் இரண்டு கத்தி நுழையாது. ஹைப்பர்-வியோ விண்டோஸுக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. அதன்பின் விண்டோஸே அதற்கு மேல்தான் ஓடுகிறது.

'நான் ஹைப்பர்-வியைப் போடவே இல்லையே' என்பார் ஊழியர். அவர் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2 போட்டாலும் வரும். விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பான கோர் ஐசோலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி இயங்கினாலும் வரும். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதல், தகுதியுள்ள எண்டர்பிரைஸ் கணினிகளில் கிரெடென்ஷியல் கார்டு தானாகவே விழித்துக்கொள்கிறது. அதற்கும் ஹைப்பர்வைசர் வேண்டும். பாஸ்வேர்டு சார்ந்த ரகசியங்களை விண்டோஸின் கைக்கே எட்டாத அறையில் பூட்டிவைக்கும் ஏற்பாடு அது. திருடன் விண்டோஸின் உள்ளறை வரை வந்துவிட்டாலும் அந்தப் பூட்டை உடைப்பது கடினம். ஆகவே சப்போர்ட் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

4. சிகிச்சை மரபு

முதற்படி ரீஸ்டார்ட். இரண்டாம் படி அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்தல். இரண்டாலும் ஆமை நகராது. மூன்றாம் படியில் பக்கத்து சீட்டுக்காரர், 'ப்ரோ, பி.சி.டி.எடிட்ல ஹைப்பர்வைசரை ஆஃப் பண்ணிடு' என்று ஒரு வரி தருவார். வரி சரியானதே. ஆனால் அதைத் தட்டச் சென்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பயாஸுக்குப் போனால் அங்கும் ஒரு பாஸ்வேர்டு. நான்காம் படி டிக்கெட்.

'சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?'

'பண்ணிட்டேங்க. மெமரி இன்டெக்ரிட்டிய ஆஃப் பண்ணணும்.'

'அது பாலிசி சார். மேனேஜர் அப்ரூவல் மெயில் வேணும்.'

'இந்த வி.எம்.ம ஓட்டச் சொன்னதே மேனேஜர்தாங்க.'

'அதையே மெயில்ல போடச் சொல்லுங்க சார்.'

5. விவாதம்

இனி, போப்பெக்–கோல்டுபெர்க் விதிகளை ஊழியர்மீது பொருத்திப் பார்ப்போம். மடிக்கணினி தன்னுடையது என்றே அவர் நம்புகிறார். குழந்தையின் படத்தை வால்பேப்பராக வைத்திருக்கிறார். முதல் விதி நிறைவேறிற்று. எக்செல், மெயில், நடுநிசி மீட்டிங் ஆகிய சாதாரணக் கட்டளைகளில் யாரும் குறுக்கிடுவதில்லை. இரண்டாம் விதியும் ஆயிற்று. தகுதிக்கு மீறிய ஒன்றைச் செய்ய முயன்றால் அது அங்கேயே பிடிபட்டு டிக்கெட்டாக மேலிடம் செல்கிறது. மூன்றாம் விதிக்கு வேறு சான்று தேவையில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய இன்டெல் பிராசஸர்களில் பாப்எஃப் என்றொரு கட்டளை. உரிமை இல்லாதவர் இன்டரப்ட்டை நிறுத்த அதை ஏவினால் பிழை என்றும் சொல்லாது, செய்யவும் செய்யாது; கேட்டதுபோல் கடந்து போய்விடும். மேலிடத்துக்குத் தகவலும் போகாது. இதனால்தான் அந்தப் பிராசஸர்கள் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. 1999-இல் வி.எம்.வேர் இத்தகைய கட்டளைகளை ஓட்டத்திலேயே திருத்தி எழுதிச் சமாளித்தது. அலுவலகத்தில் இதன் எச்சமாக, கணினிகளின் செட்டிங்கை மேலிடமே விதிக்கும் குரூப் பாலிசி இருக்கிறது. ஊழியர் ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றுவார், மாறியதாகவே தெரியும். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பாலிசி சுற்றி வரும்போது அது சத்தமின்றிப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

6. முடிவும் பரிந்துரையும்

ஆகவே அலுவலகத்தில் மெய்நிகர் இயந்திரம் ஒன்று ஏற்கெனவே செவ்வனே ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்தான் ஊழியர். அவருக்குள் இன்னொன்றை ஓட்டினால் மெதுவாகத்தான் ஓடும்.

வெர்ச்சுவல்பாக்ஸை விடுத்து, அரியணையில் இருக்கும் ஹைப்பர்-வியிடமே லினக்ஸை ஒப்படைத்தால் ஆமை மறையும் என்பது எம் பரிந்துரை. அதற்கு 'ஹைப்பர்-வி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' குழுவில் ஊழியரின் பெயர் இருக்க வேண்டும். பெயரைச் சேர்க்க டிக்கெட் போட வேண்டும்.