ரெண்டே விரல் ஜாங்கோ

கேள்வி: கிடார் வாசிக்கும்போது விரல்கள் வேகமாக ஓட மாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: கிடார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு ஓடியதே இரண்டு விரல்தான்! 1928-இல் பாரிஸ் அருகே அவர் குடியிருந்த கேரவன் தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கின. மிச்சமிருந்த இரண்டை வைத்தே அவர் வாசித்த ஜாஸ் தனி இசைப் பகுதிகளை, நான்கு விரலும் நலமாக உள்ளவர்கள் இன்றும் மூச்சு வாங்கப் பழகுகிறார்கள்.

ஆக, பலருக்கும் எதிரி விரல்கள் அல்ல, அவசரம்தான். அவசரத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் அங்குலக் கணக்கில் துள்ளினால், திரும்பி வருவதற்குள் பாட்டு போய்விடும். விரல் தந்தியை ஒட்டியே நிற்கட்டும். ஃப்ரெட்டுக்குச் சற்றே பின்னால் அழுத்தினால் குறைந்த பலமே போதும்.

தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, பிசிறில்லாமல் வந்த பிறகே 64, 68 என ஏற்றலாம். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். சுண்டு விரல் ஆரம்பத்தில் வேலைநிறுத்தம் செய்யும். பேச்சுவார்த்தை வேண்டாம், தினமும் கொஞ்சம் வேலை கொடுங்கள்.