ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு நேரம்

மணிக்கூட்டுக் கதை ஒண்டு சொல்லுறன், தம்பி. பிள்ளை, நீயும் கேள். 1996 ஆம் ஆண்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவேணுமெண்டு கொழும்பு அரசாங்கம் நாட்டின்ர மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது. முதலில ஒரு மணித்தியாலம், பிறகு அதை அரை மணித்தியாலமாய்க் குறைச்சது. வன்னியில புலிகள் இயக்கம் மாத்தேல்லை. நாங்கள் பழைய நேரத்திலேயே கிடந்தம். 2002 இல ஏ-9 பாதை திறந்தாப் பிறகுதான் கூத்து. ஓமந்தையில ஆமியின்ர மணிக்கூட்டில ஒன்பது மணி. கொஞ்சத் தூரம் தள்ளிப் புளியங்குளத்தில இயக்கத்தின்ர மணிக்கூட்டில எட்டரை. வவுனியாவில ஒரு கலியாணமெண்டால் ‘முகூர்த்தம் எத்தினை மணிக்கு?’ எண்டு கேட்டால் போதாது, ‘ஆற்ற நேரத்துக்கு?’ எண்டும் கேக்கவேணும். கடைசியில 2006 சித்திரையில கொழும்பே பழைய நேரத்துக்கு இறங்கி வந்தது. பத்து வருசம் ஒரு நாடு ரெண்டு நேரத்தில ஓடினது.

அதுக்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டது. நீங்கள் ரெண்டு பேரும் சுவிஸ் பேர்ணில ஒரு படுக்கையறை, ஒரு குசினி, ஒரு கக்கூஸ் உள்ள வீட்டுக்குள்ள, ஒரு வெடிச்சத்தமும் இல்லாமல் அதைச் செய்து காட்டிப்போட்டியள்.

தம்பி பின்னேரம் நாலு மணிக்கு ரெஸ்ரோறண்ட் குசினிக்கு வெளிக்கிட்டால் சாமம் பன்னிரண்டுக்குத்தான் வாறான். பிள்ளை விடிய ஐஞ்சரைக்கு எழும்பி வயோதிபர் இல்லத்துக்கு ஓடுறாள். அவள் திரும்பி வாற நேரம் இவன் சப்பாத்துக் கட்டுற நேரம். படியில ஏறுறவளும் இறங்குறவனும் ‘கறி பிறிட்ஜுக்க இருக்கு’ எண்டு சொல்லிக் கடந்து போறியள். வந்த புதுசில துண்டு எழுதிக் கதவில ஒட்டினியளாம். இப்ப அதுவும் வட்ஸ்அப்பில. ‘பால் முடிஞ்சுது.’ ‘பில் கட்டியாச்சு.’ ‘குப்பையை வெளியில வைக்கவும்.’ அடேயப்பா, என்ன காதல் கடிதங்கள்! ‘வைக்கவும்’ எண்டு பெண்சாதிக்கு எழுதின முதல் ஆம்பிளை எங்கட பரம்பரையில நீதானடா. கச்சேரியில கூட இப்ப கொஞ்சம் மரியாதையாய்த்தான் எழுதுகினம்.

உங்கட மாடிக்கட்டடத்தில உடுப்புத் தோய்க்கிற மிசின் நிலத்துக்குக் கீழ ஒரு அறையிலதான் இருக்கெண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் நாளும் நேரமும் குறிச்சு முறை எழுதிப் போட்டிருக்கெண்டும் பிள்ளை சொன்னாள். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலேல்லை. உதைப் பழகவோ உவ்வளவு தூரம் பிளேன் ஏறினியள்? இரணைமடுக் குளத்துத் தண்ணி எங்கட வயலுக்கு உப்பிடித்தானே வாறது. சிறுபோகத்துக்குத் தண்ணி காணாதெண்டால் கூட்டம் வைச்சு, ஆருக்கு எவ்வளவு பங்கு எண்டு தீர்மானிச்சு, முறை வைச்சு வாய்க்கால் திறக்கிறது. முறைக்காரன் சாமம் ரெண்டு மணியெண்டாலும் மண்வெட்டியோட வரம்பில நிக்கவேணும். கண்ணயர்ந்தால் தண்ணி பக்கத்து வயலுக்குப் போகும், வழக்கு கோட்டுக்குப் போகும். அங்க முறை பிசகினால் பக்கத்து வீட்டு மனிசி ‘அன்புள்ள அயலவரே’ எண்டு வடிவான எழுத்தில ஒரு துண்டு எழுதி மிசினில ஒட்டிப்போட்டுப் போவாவாம். மண்வெட்டியைவிட அந்தத் துண்டுக்குத்தான் தனக்குப் பயம் எண்டு தம்பி சொல்லுறான்.

விசயம் என்னெண்டால், உடுப்புத் தோய்க்க முறை இருக்கு. குப்பை கட்ட நகரசபையின்ர பைதான் பாவிக்கவேணும் எண்டு முறை இருக்கு. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் போத்தலைக் கொண்டுபோய்ப் போடக்கூடாது, இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது. எல்லாத்துக்கும் முறை வைச்சு, ஒண்டும் தவறாமல் நடக்கிறியள். புருசனும் பெண்சாதியும் முகத்துக்கு முகம் பாத்துக் கதைக்கிறதுக்கு மட்டும் உங்கட வீட்டில முறை இல்லை. அதுக்கு ஒருத்தரும் துண்டு எழுதி ஒட்டமாட்டினம் எண்ட தைரியம்.

சமையலையும் கேள்விப்பட்டன். இறைச்சிக்கறி மணம் மேல்வீட்டுக்குப் போகுமெண்டு, வெளியில பனி கொட்டேக்க யன்னல் எல்லாத்தையும் திறந்துவிட்டு, குளிர் ஜக்கெற் போட்டுக்கொண்டு பிள்ளை கறி வைக்கிறாளாம். அலுமாரிக் கதவுகளை இறுக்கிச் சாத்தி, வேலைக்குப் போடுற உடுப்பை வேற அறைக்கு மாத்திப்போட்டுத்தான் வெங்காயம் தாளிக்கிறதாம். சனிக்கிழமை ஒரு நாள் சமைச்சு, பெட்டி பெட்டியாய் அடைச்சு, மேல நாள் எழுதி ஒட்டிப் பிறிட்ஜுக்க அடுக்கிறது. செவ்வாய்க்கிழமைப் பெட்டியை அவன் வியாழக்கிழமை மத்தியானம் தனிய, நிண்டபடி தின்னுறான். வியாழக்கிழமைப் பெட்டியை அவள் வெள்ளிக்கிழமை இரவு தனிய, போனைப் பாத்தபடி தின்னுறாள். உன்ர கொம்மா வெயிலில காய வைச்சு, வறுத்து, இடிச்சு, பொதி பண்ணி அனுப்பின தூள் அது. அந்த மிளகாய்க்கே வெக்கமாய் இருக்கும்.

இன்னொண்டு. உங்கட பேர்ண் நகரத்தில 2014 மார்கழியில திறந்த சமயங்களின் இல்லம் எண்டு ஒரு கட்டடம் இருக்கு. ஒரே கூரைக்குள்ள சிவன் கோயிலும் இருக்கு, பள்ளிவாசலும் இருக்கு, கிறிஸ்தவருக்கும் பௌத்தருக்கும் இடம் இருக்கு. அங்கத்தைச் சைவநெறிக்கூடத்துக் கோயிலில தமிழில பூசை நடக்குது. பொம்பிளையளும் நிண்டு பூசை செய்யினம். இஞ்ச சிலபேர் அதைக் கேட்டுக் காதைப் பொத்தினவை. எனக்கெண்டால் சந்தோசம். நீயும் அதைப் பெருமையாய்த்தான் சொன்னனி. ஆனால் தம்பி, கருவறைக்குள்ள பொம்பிளை போறதை ஏற்றுக்கொண்ட நீ, குசினிக்குள்ள ஆம்பிளை போறதை ஏன் இன்னும் ஏற்றுக்கொள்ளேல்லை? எட்டு மணித்தியாலம் சுவிஸ்காரனுக்கு உருளைக்கிழங்கு உரிக்கிற கை, சொந்த வீட்டில ஒரு தேத்தண்ணி ஊத்த எழும்பாதாம்.

பிள்ளை, நீ சிரிக்காதை. உனக்கும் இருக்கு. வயோதிபர் இல்லத்தில முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு, ‘இன்னும் ஒரு வாய்’ எண்டு கெஞ்சிக் கெஞ்சித் தீத்துறாய். புண்ணியம்தான், நல்லாய்ச் செய். வீட்டில இருக்கிறவன் சாப்பிட்டானோ எண்டு கேக்க மட்டும் உனக்கு வாய் நோகுது.

எப்பவாவது ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு பேரும் சேந்து வெளிக்கிட்டால் வேற வேசம். சாமத்திய வீடு, கலியாண வீடு, ஆற்றயோ பிள்ளையின்ர பிறந்தநாள். சாறிக்கு ஒத்த நிறத்தில சேட். படம் எடுக்கிறவன் ‘இன்னும் கொஞ்சம் கிட்ட’ எண்டு சொன்னாத்தான் கிட்ட வாறியள். அந்தப் படம் போனில வந்து சேர, உன்ர கொம்மா அதைப் பரந்தன் சந்தி மட்டும் கொண்டு திரிஞ்சு காட்டுறா. ‘பாருங்கோ, என்ன சந்தோசமாய் இருக்கினம்’ எண்டு. நானும் கண்ணாடியைப் போட்டு வடிவாய்ப் பாத்தன். பிள்ளைக்குக் கழுத்தில சங்கிலி தடிச்சிருக்கு. கண்ணுக்குக் கீழையும் தடிச்சிருக்கு.

2015 இல ‘தீபன்’ எண்டு ஒரு படம் கான் திரைப்பட விழாவில தங்கப்பனை விருது வாங்கினது. பனையெண்ட படியால் எங்கட ஆக்களிட்ட வந்திட்டுதாக்கும். எடுத்தவர் பிரெஞ்சுக்காரர், ஜாக் ஓடியார். தீபனாய் நடிச்சவர் எங்கட அல்லைப்பிட்டி எழுத்தாளர் ஷோபாசக்தி. கதை இதுதான்: ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஒரு ஆம்பிளையும் ஒரு பொம்பிளையும் ஒரு சின்னப் பெட்டையும், செத்துப்போன ஒரு குடும்பத்தின்ர கடவுச்சீட்டில, புருசன் பெண்சாதி பிள்ளை எண்டு பொய் சொல்லிப் பிரான்சுக்குப் போய்ச் சேருகினம். கடதாசியில மட்டும் குடும்பம். ஒரு வீட்டுக்குள்ள கிடந்து, பயந்து, கோவிச்சு, சமைச்சுச் சாப்பிட்டு, மெல்ல மெல்ல உண்மைக் குடும்பம் ஆகினம். நீங்கள் அதைத் தலைகீழாய் ஓட்டிக்கொண்டிருக்கிறியள். எங்கட ஊர் முரசுமோட்டையே திரண்டு வந்து அறுகரிசி போட்ட கலியாணம். இப்ப கடதாசியில மட்டும் குடும்பம். உங்களுக்கு ஒரு விருதும் தராங்கள், சொல்லிப்போட்டன்.

உங்களை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரேல்லை. 1983க்குப் பிறகு உங்க வந்து சேந்த முதல் ஆக்கள் கோப்பை கழுவித்தான் இஞ்சத்தைக் கடனைக் கட்டினவை, தங்கச்சிமாரைக் கரையேத்தினவை. அவைக்குச் சேந்திருந்து சாப்பிட வழியில்லை. மனிசி ஊரில, மனிசன் அங்க. அவையின்ர பாட்டாலதான் இண்டைக்குச் சுவிசில எங்கட சனம் அரை லட்சம் வரையில தலை நிமிந்து நிக்குது. உன்ர ஏஜென்சிக் கடனும் முடிஞ்சுது, கொக்காவின்ர சீதனமும் குடுத்தாச்சு. பிறகு ஆருக்கு இந்த ஓட்டம்? சீட்டுக் கட்டி, சீட்டை எடுத்து, இஞ்ச ஒரு மாடிவீடு கட்டினியள். மாபிள் நிலம், ஏசி, மூண்டு படுக்கையறை. ஆவணியில ரெண்டு கிழமை திறக்கிறியள். மிச்ச நாளெல்லாம் அதுக்குள்ள போய்வாறது நானும் வௌவாலும்தான். வௌவாலெண்டாலும் சோடியாய்த் தொங்குது.

2008 கடைசியில முரசுமோட்டையை விட்டு நாங்கள் வெளிக்கிட்டதும், தர்மபுரம், விசுவமடு எண்டு ஒவ்வொரு இடமாய் நகர்ந்து முள்ளிவாய்க்கால் மட்டும் போனதும், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில கிடந்ததும் உனக்குத் தெரியும். அங்க எனக்கும் உன்ர அப்பாச்சிக்கும் ஒரு தரப்பாள் கூடாரத்தில பங்கு. தனிய ஒரு சொல்லுக் கதைக்க மறைப்பில்லை. எண்டாலும் ஒரே நேரத்தில எழும்பினம், ஒரே வரிசையில தண்ணிக்கு நிண்டம், ஒரே கோப்பையில சாப்பிட்டம், வாளியை ஆர் தூக்கிறது எண்டு நாள் தவறாமல் சண்டை பிடிச்சம். பக்கத்துக் கூடாரச் சனம் விலக்குப் பிடிக்க வந்து, அதுகளுக்கையும் சண்டை வந்தது. ‘எங்களுக்குள்ள சண்டையே இல்லை அப்பு’ எண்டு பிள்ளை பெருமையாய்ச் சொன்னாள். எனக்கு அதுதான் பயம். சண்டை பிடிக்கிறதெண்டால் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில முழிப்பாய் இருக்கவேணும்.

ஆனபடியால் மூண்டு விசயம் செய்யுங்கோ. முதலாவது, வேலை இடத்தில ரெண்டு பேரும் கேட்டு, கிழமையில ஒரு நாளெண்டாலும் ஒரே நாளில லீவு எடுங்கோ. முதலாளி முகத்தைச் சுழிப்பான், முகந்தானே, சுழிக்கட்டும். ரெண்டாவது, அண்டைக்கு மத்தியானம் பெட்டிக்கறி வேண்டாம். தம்பி தேங்காய் துருவட்டும், பிள்ளை புளி கரைக்கட்டும், உப்புக் கூடினால் ஆர் போட்டது எண்டு வாய்ச்சண்டை பிடியுங்கோ. பத்து மணிக்கு முதல் முடிச்சால் சட்டமும் ஒண்டும் சொல்லாது. மூண்டாவது, ஐப்பசிக் கடைசி ஞாயிறு விடிய உங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவினம். வருசத்தில ஒருக்கால், ஆரும் காசு கேக்காமல் ஒரு மணித்தியாலம் சும்மா கிடைக்குது. அதை ஓவர்டைமுக்கும் குடுக்காமல், போனுக்கும் குடுக்காமல், ரெண்டு பேரும் தேத்தண்ணியோட யன்னலடியில இருந்து செலவழியுங்கோ. என்ன கதைக்கிறதெண்டு தெரியாட்டில் என்னைப் பற்றிப் புறணி கதையுங்கோ. விசயத்துக்குப் பஞ்சம் வராது.

இப்படி நடந்தால் மாசத்தில ஒண்டு ரெண்டு வேலைநாள் குறையும், இஞ்ச வாற காசும் குறையும். உன்ர கொம்மா முணுமுணுப்பா. அவவை நான் பாத்துக்கொள்ளுறன். காசு குறைஞ்சதால கெட்ட குடும்பத்தை நான் ஊரில கண்டது குறைவு. காசு வந்துகொண்டிருக்க, உள்ளுக்குள்ள ஆளை ஆள் தெரியாமல் போன குடும்பம் கனக்கக் கண்டிருக்கிறன். அதால தாராளமாய்க் குறையுங்கோ. இந்த மாசம் மட்டும் வேண்டாம். காலபோக விதைப்பு, உரம் வாங்கவேணும். வாற மாசத்தில இருந்து குறையுங்கோ.