களிம்புக் கைங்கரியம்

கிராபிக்ஸ் கார்டின் பழைய கூலரைக் கழற்றி, காய்ந்த பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, கொல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைவீதியில் வாங்கிவந்த தெர்மல் பேஸ்டை மெல்லிய படலமாக இட்டு, புதிய கூலரைத் திருகி முடுக்குகிற ஹவுரா இளைஞர்களின் சிரத்தை சிலாகிக்கத் தக்கது. சிப்புக்கும் கூலருக்கும் இடையே அகப்படும் காற்று உஷ்ணத்தைச் சரிவரக் கடத்தாது. அந்தச் சூக்ஷ்ம இடைவெளியை நிரப்புவதே களிம்பின் தர்மம்.

இத்தகைய சாஸ்திர ஞானம் வீட்டோடு நின்றுவிடலாகாது என்றுதான் போலும், 1943-இல் திறக்கப்பட்டு, திருகாணி ஒன்றுமின்றித் தறையாணிகளாலேயே இணைக்கப்பட்ட ஹவுரா பாலத்துக்கும், வெற்றிலை, சுண்ணாம்பு, குட்கா ஆகியவற்றை வாயிலேயே அரைத்த களிம்பை வழிப்போக்கர்கள் நெடுங்காலமாக இலவசமாய்ப் பூசிவந்தார்கள். கார்டுக்குப் பட்டாணியளவு போதும் என்கிற உலோபித்தனம் இங்கே எட்டிப் பார்க்கவில்லை. உபகாரத்தின் பலனாய்ப் பாலத்தின் தொங்குதூண்களது அடித்தகடுகள் அரித்து மெலிந்தன. மெலிந்த உலோகம் விரைவில் குளிரும் என்பது பாமரனும் அறிந்ததே. நன்றியறியாத துறைமுக நிர்வாகமோ, 2011 வாக்கில், அடிப்பாகங்களைக் கண்ணாடியிழை உறையால் மூடிற்று. கண்ணாடியிழை உஷ்ணத்தை எளிதில் கடத்தாது என்னும் அரிச்சுவடிகூட அதிகாரிகளுக்கு எட்டவில்லை. ஆகவே பொதுஜனங்கள், பெருந்தன்மையோடு, உறையின்மேலேயே பூசிச் சமாளிக்கிறார்கள்.