வெட்டுப்பட்ட விலையின் காதலர்

ஜவுளிக்கடை ஜோக் என்றால் நம் வார இதழ்களில் காலங்காலமாக ஒன்றுதான். மனைவி உள்ளே நூறு புடவையைப் புரட்டுவாள். கணவன் வாசலில் கட்டைப்பைகளுக்குக் காவலாக உட்கார்ந்து கொட்டாவி விடுவான். இதை இன்னமும் எழுதுகிறவர்கள் சமீபத்தில் கடைப்பக்கம் போகவில்லை என்று நினைக்கிறேன். கணவர் இப்போது வாசலில் இல்லை. மூன்றாவது மாடியில், ஆண்கள் பிரிவில், ஹேங்கர்களைச் சரக் சரக்கென்று தள்ளிக்கொண்டிருக்கிறார். கட்டைப்பையோடு உட்கார்ந்திருப்பது அவர் மனைவி. அந்த அம்மாள் தனக்கு வேண்டிய காட்டன் புடவையைக் கோ-ஆப்டெக்ஸில் பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டார். மிச்ச மாலைப் பொழுதெல்லாம் இவருக்கான காத்திருப்பு.

உள்ளே இருப்பவருக்குத் தள்ளுபடியார் என்று பெயர் வைப்போம். ஒரே ஆளைச் சொல்லவில்லை. சென்னையில் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். வயது ஐம்பதை ஒட்டி. வங்கியிலோ இன்ஷூரன்ஸிலோ நல்ல வேலை. வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. நாற்பது வயது வரைக்கும் தீபாவளிக்கு மாமனார் கொடுத்த பிட்டுத்துணியைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்து, "பாக்கெட் கொஞ்சம் பெருசா வைங்க" என்று சொல்லித் தைத்துப் போட்டவர்தான். அப்புறம் வெளிநாட்டிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு லினன் சட்டை கொடுத்தான். காலரின் உள்பக்கத்தில் இத்தாலிக்காரன் பெயர் தைத்திருந்தது. அந்த ஒரு அங்குலச் சீட்டு இவர் வாழ்க்கையைத் திசை திருப்பிவிட்டது.

இப்போதெல்லாம் பெருமாள் கோயில் வரிசையில் நின்றாலும் அவர் கண் முன்னால் நிற்பவரின் காலருக்குள்தான் போகிறது. சீட்டு தெரியாவிட்டால் பொத்தானைப் பார்த்தே சொல்லிவிடுவார்: "சிப்பிப் பொத்தான். ஆறாயிரத்துக்குக் குறையாது." ஆனால் ஆறாயிரம் கொடுத்து அதை வாங்குவாரா என்றால், மாட்டார். முழு விலை கொடுத்துச் சட்டை வாங்குகிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை.

ஆகவே அவருக்கு வருடப்பிறப்பு சித்திரையில் கிடையாது. ஜூன் கடைசியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. மால் கடைகளின் கண்ணாடியில் சிவப்புச் சுவரொட்டி ஏறும் நாள்கள் அவை. ஜூன் விற்பனை முடிகிற கையோடு ஆடி பிறந்துவிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது. புதுப்பெண்ணைக்கூடத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். முகூர்த்தப் பட்டு விற்காத மாதத்தில் தேங்கிய சரக்கைத் தள்ளிக் காசாக்கினால்தான் தீபாவளிக்குப் புதுச் சரக்குப் பிடிக்கலாம். தி.நகர் உஸ்மான் சாலையில் ஆடித் தள்ளுபடி இப்படித்தான் திருவிழாவானது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் பஞ்சாங்கத்தோடு பொருந்துகிற வியாபாரம்.

மால்காரர்கள் கணக்கு வேறு. அவர்கள் பஞ்சாங்கம் ஐரோப்பாவில் எழுதப்படுகிறது. அங்கே ஜூனில் வசந்த-கோடை உடைகளைக் கழித்துக்கட்டினால் இங்கேயும் கழித்துக்கட்ட வேண்டும். அக்னி நட்சத்திரம் முடிந்து வேர்வை காயாத ஊரில், கோடை முடிந்துவிட்டது என்று சொல்லி மெல்லிய சட்டைகளை மூலையில் குவிப்பார்கள். ஆகஸ்டில் பொம்மைகளுக்குக் கம்பளி ஜாக்கெட் போட்டு நிறுத்துவார்கள். வேளச்சேரியில் யார் அதைப் போடுவது என்று யாரும் கேட்பதில்லை. தள்ளுபடியார் கேட்பார், ஆனால் கேள்வி வேறு: "தம்பி, இந்த ஜாக்கெட் டிசம்பர்ல எவ்வளவுக்கு இறங்கும்?"

மார்ச்சிலேயே அவர் ஒரு சட்டையைப் பார்த்து வைத்துவிடுவார். இளம் பச்சை லினன், விலை 7,999. வாரம் ஒருமுறை போய் அதன் கையைத் தொட்டுப் பார்ப்பார். மே மாதத்தில் கவலை வந்துவிடும். நாற்பது சைஸில் இரண்டுதான் மிச்சம். ஜூன் பிறந்ததும், கன்னிமாரா நூலகத்தில் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் ஒரே புத்தகத்தை வேறு அலமாரியில் செருகிவிட்டுப் போவார்களே, அதையே இவர் செய்வார். நாற்பதைத் தூக்கி நாற்பத்தாறுகளுக்கு நடுவில், கட்டம் போட்ட சட்டைகளுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவராக எஸ்கலேட்டரில் இறங்கிவிடுவார். விற்பனை தொடங்கும் அன்று காலை போனால் அது அங்கே இருக்காது. நாற்பத்தாறு சைஸ் தள்ளுபடியார் ஒருவர் அதற்குள் அதை நாற்பதுகளுக்கு நடுவில் தூக்கிப் போட்டிருப்பார். அங்கிருந்து யாரோ எடுத்துப் போயிருப்பார்.

கடைசியில் கிடைக்கும் முப்பத்தெட்டை வாங்குவார். "ரெண்டு மாசம் வாக்கிங் போனா சரியாயிடும்." தள்ளுபடியில் வாங்கிய சட்டைக்காக உடம்பைத் தள்ளுபடி செய்யத் தயாராக இருக்கிற ஒரே பிராணி இவர்தான்.

எந்தக் கடையிலும் அவர் முதலில் படிப்பது '70%' என்ற ராட்சத எழுத்தை அல்ல. அதன் காலடியில் எறும்பு அளவில் கிடக்கும் 'வரை' என்பதை. எழுபது சதவீதம் வரை. அந்த எழுபது எங்கே என்று விசாரித்தால் இரண்டு பெல்ட்டையும் ஒரு நீச்சல் டவுசரையும் காட்டுவார்கள். பிடித்த சட்டையைக் காட்டிக் கேட்டால் விற்பனைப் பையன் பணிவாகச் சொல்வான்: "அது ஃப்ரெஷ் ஸ்டாக், சார். ஆஃபர் கிடையாது." உலகத்தில் நமக்குப் பிடித்ததெல்லாம் ஃப்ரெஷ் ஸ்டாக்தான்.

பில் போடும் இடத்தில் கணக்குப் பாடம் நடக்கும். அறிவிப்புப் பலகையில் 60% + 10% என்றிருக்கும். பாமரன் எழுபது என்று படிப்பான். தள்ளுபடியாருக்குத் தெரியும்: 7,999இல் அறுபது போனால் 3,199 ரூபாய் 60 காசு, அதில்தான் பத்து சதவீதம், ஆக 2,879 ரூபாய் 64 காசு. நிஜ எழுபது என்றால் 2,399 ரூபாய் 70 காசு. கிட்டத்தட்ட 480 ரூபாய் அந்தக் கூட்டல் குறிக்குள் ஒளிந்திருக்கிறது. இதை அவர் கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கு விளக்குவார், பின்னால் நிற்பவருக்கு விளக்குவார், பிறகு 2,880ஐக் கொடுத்துவிட்டு வருவார். வீட்டம்மா வேறொரு கணக்கு வைத்திருக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள உடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேலே 18. "என்னங்க, அதுக்கு மேல போனா ஆடம்பரம்னு கவர்மென்டே சொல்லிடுச்சு. உங்களுக்கு மட்டும் புரியலையே." அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவரை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' நாளில் பார்க்க வேண்டும். அவர் கையில் இரண்டு சட்டை: 2,999, 2,799. மூன்றாவது பிடிக்கவில்லை. இலவசத்தை விட்டுவிட்டுப் போவதா? வரிசையில் முன்னால் நிற்கும் இளைஞனின் கையில் ஒரே ஒரு டி-ஷர்ட், 1,999.

"தம்பி, ஒண்ணுதான் எடுத்திருக்கீங்களா?"

"ஆமா சார்."

"எங்கிட்ட ரெண்டு இருக்கு. சேர்த்து ஒரே பில்லா போட்டுக்கலாமா? ரெண்டு பேருக்கும் லாபம்."

பையன் தலையாட்டினான். பில் வந்தது. விதிப்படி மூன்றில் விலை குறைந்ததுதான் இலவசம். டி-ஷர்ட்டுக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தது. பையன் நன்றி சொல்லிவிட்டு டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"தம்பி, காசு?"

"என்னுது ஃப்ரீ சார். பில்லுலயே போட்டிருக்கே."

தள்ளுபடியார் ஆடிப்போய்விட்டார். அவருடைய இரண்டு சட்டை இல்லாமல் அந்தப் பூஜ்யம் ஏது? பையன் வாதம் வேறு: அவனுடைய டி-ஷர்ட் இல்லாவிட்டாலும் அவர் 5,798 கொடுத்துத்தானே ஆகவேண்டும், இப்போதும் அதைத்தானே கொடுக்கிறார்? சட்டப்படி பார்த்தால் அவனிடம் பிடி இருக்கிறது, தர்மப்படி அவரிடம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கட்சி பிரிந்தார்கள். ஆளுக்குப் பாதி என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். கல்லாப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கடைசியில் ஜிபேயில் ஆயிரம் ரூபாய் வந்து விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் தள்ளுபடியார் முகத்தில் ரத்தம் ஓடியது. அந்த ஆயிரம் அவர் வாழ்நாளில் சம்பாதித்த எந்த ஆயிரத்தைவிடவும் இனித்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உலக நடப்பும் அவருக்கு அத்துப்படி. பிரான்சில் பெரிய தள்ளுபடிக்கு அரசாங்கமே நாள் குறிக்கிறது, வருடத்துக்கு இரண்டு முறை, தலா நாலு வாரம் என்று சொல்லும்போது காசி யாத்திரைக்கு ஏங்கும் குரல் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், விலையைக் குறைத்ததாக விளம்பரம் செய்யும் கடை முந்தைய 30 நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். போன வாரம் ஏற்றி இந்த வாரம் இறக்குகிற வித்தை அங்கே நடக்காது. நம் ஊர்ச் சீட்டில் இருப்பது அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேலே விற்கக்கூடாது, அவ்வளவுதான். வெட்டுவதற்கென்றே ஒரு எண்ணை அச்சடிப்பதை அது தடுப்பதில்லை. என்னைக் கேட்டால் பல சட்டைகளில் முதலில் தைக்கப்படுவது அந்த எண்தான். துணி அப்புறம் வருகிறது.

டிசைனர்களைக் கிண்டல் செய்வதிலும் அவர் சளைத்தவரல்ல. 2018இல் ஜாரா ஒரு கட்டம் போட்ட பாவாடையை 69.99 பவுண்டுக்கு விற்றதும், நம் ஊர் லுங்கியேதான் என்று உலகமே சிரித்ததும் அவருக்கு மனப்பாடம். 2022இல் பலென்சியாகா குப்பைப் பை வடிவத்தில் தோல் பை செய்து 1,790 டாலர் விலை வைத்ததைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஒரு கணம் உத்தரத்தைப் பார்ப்பார். "அறுபது பர்சென்ட் போட்டான்னா 716 டாலர்."

அவர் மனதில் ஆறாத புண் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 12, ஆடி முடியப் போகிற நேரம். அனுஷ்கா சர்மா முதல் பலருக்குக் கல்யாண உடை வடித்த கொல்கத்தா டிசைனர் சப்யசாச்சி முகர்ஜி, எச் அண்ட் எம் நிறுவனத்தோடு சேர்ந்து சாமானியருக்கான உடைகளை வெளியிட்டார். புடவை 9,999 ரூபாய். அசல் பாட்டா விலை. வீட்டம்மாவுக்கு என்று சொல்லி இவர் இரண்டு ஃபோனோடு உட்கார்ந்தார். புடவை கூடையில் விழுந்தது. ஓ.டி.பி. வந்தது. அதைப் போட்டு முடிப்பதற்குள் 'இருப்பு இல்லை' என்று வந்துவிட்டது. நாடு முழுவதும் சில நிமிடங்களில் எல்லாம் காலி. கூடையில் புடவை இருந்த அந்தக் கணத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்னும் வைத்திருக்கிறார். உறவினர் வந்தால் காட்டுவார். "வாங்காத புடவைக்கு ஆல்பம் போட்ட ஒரே வீடு எங்க வீடுதான்" என்பார் அந்த அம்மாள், காபி டம்ளரை வைத்துக்கொண்டே.

பீரோவைத் திறந்தால் இடது பக்கம் அலுவலகத்துக்குப் போடும் நாலு பழைய சட்டை. வலது பக்கம் சீட்டு கழற்றாத பதினான்கு. போடுவதில்லை. போட்டால் அழுக்காகும், லினன் பஸ்ஸில் ஒருமுறை உட்கார்ந்தாலே கசங்கும், இஸ்திரிக்காரர் லினன் என்றால் கூடுதலாகக் கேட்கிறார். சீட்டைக் கழற்றுவதற்கு அவர் மனம் ஒப்பாததற்கு இன்னொரு காரணம் உண்டு. வெட்டுக்கோடு விழுந்த அந்த 7,999 அதில்தானே இருக்கிறது? யாராவது "புதுசா?" என்று கேட்டால் "எட்டாயிரம் ரூபா சட்டை" என்பார். கொடுத்தது எவ்வளவு என்பதைப் பிறகு, ஒரு இடைவெளி விட்டு, வெற்றிப் புன்னகையோடு சொல்வார். முதல் எண் கௌரவத்துக்கு, இரண்டாவது எண் சாமர்த்தியத்துக்கு. சட்டை இரண்டுக்கும் ஒரு சாட்சி.

வருடக் கடைசியில் வரவு செலவும் சொல்வார். "இந்த வருஷம் மட்டும் முப்பத்தோராயிரம் மிச்சம் பண்ணியிருக்கேன்."

"அந்த மிச்சத்துல ஒரு ஆயிரம் குடுங்க. சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கிறார்."

இதற்கு அவரிடம் இதுவரை பதில் இல்லை.

கெட்ட மனிதர் இல்லை. யாரையும் ஏமாற்றவில்லை, கடனும் வாங்கவில்லை. சீட்டாட்டத்துக்கும் ரேஸுக்கும் போகிறவர்களை நினைத்தால் இது எவ்வளவோ தேவலை என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு. எனக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்த ஆடியில் பில் வரிசையில் நிற்கும்போது, பின்னாலிருந்து யாராவது உங்கள் தோளைத் தொட்டு "ஒண்ணுதான் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டால், சம்மதிப்பதற்கு முன்னால் இலவசம் யாருடையது என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். அவருடைய ஃபோன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில் ஒன்றுதான் தருவார்கள். சைஸ் மாற்ற அது வேண்டும். அதை அவர் உங்களிடம் கொடுக்கமாட்டார்.