அண்ணாச்சி, மூச்ச விடுங்க!

"அண்ணாச்சி, முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது" என்றான் நேற்று ஒரு தம்பி. காதில் இயர்போன், கையில் ஷேக்கர் பாட்டில், எண்ணிவிடக்கூடிய தாடி. பாதிக் குந்தலில் நான் அப்படியே நின்றேன். பக்கத்திலிருந்த இன்னொருவன், "அதெல்லாம் பழசு மாப்ள, தாண்டலாம்" என்றான். என் முட்டியைக் காட்டிக் காட்டி இருவரும் வாதாடினார்கள். முட்டி யாருடையது என்ற பேச்சு கடைசிவரை வரவில்லை.

(2003இல் அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். முட்டி முன்னே போகாமல் பலகை வைத்துத் தடுத்தால் முட்டிக்குப் பாரம் குறைகிறது. இடுப்புக்குப் பல மடங்கு ஏறுகிறது. ஆக இரண்டு தம்பிகளுக்கும் பாதிப் பாதிதான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் என்னைக் கேட்கவில்லையே.)

முத்தையாபுரத்தில், உப்புக்காற்றில் இரும்பெல்லாம் துருப்பிடிக்கிற இந்த ஊர் ஜிம்மில், இளவட்டங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் இந்த மூச்சு விஷயம்.

"தூக்கும்போது மூச்ச விடுங்க, இறக்கும்போது இழுங்க." யாரிடம் சொல்கிறான்? முத்துக்குளித்துறைக்காரனிடம்! எங்கள் வீட்டில் யாரும் முத்துக் குளித்ததில்லை, உப்பளத்துக் கணக்கு எழுதிய குடும்பம்தான். அதற்காக ஊர் மானம் இல்லாமல் போய்விடுமா? ஐந்து பாகம், பத்து பாகம் ஆழத்துக்குக் கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரே மூச்சில் ஒரு நிமிடம் சிப்பி பொறுக்கிய ஆட்களின் கரை இது. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோனது. சங்குகுளி இன்றும் உண்டு. குளியாளிகள் தங்கள் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று கரையில் சொல்வார்கள்; அக்கா தாலி அவன் பிடியில். அந்த மச்சினன் ஒரு வார்த்தை பேசமாட்டான். கயிறு அசைந்தால் இழுப்பான், அவ்வளவுதான்.

மந்திரக்காரரும் ஒருவர் இருந்தார், கடல்கட்டி என்று பெயர். சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். பகலுக்கு மட்டும் கட்டு. ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாதென்று. அநியாயக் கூலிதான். ஆனாலும் அந்த மனுஷர் சொன்னதையெல்லாம் சுறாவிடம்தான் சொன்னார். குளியாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை!

நம் தம்பியை அந்த வள்ளத்தில் ஏற்றிப் பார்க்கிறேன். குளியாளி கல்லில் கால் வைத்து மூக்கைப் பிடிக்கிறார். "அண்ணாச்சி, கோர் டைட்டா வைங்க." அவர் இறங்கிவிட்டார். தம்பி விளிம்பில் குனிந்து, "மூச்ச விடுங்க, மூச்ச விடுங்க" என்று கத்துகிறான். கடலடியில் மூச்சு விட்டால் என்ன ஆகும் என்று அவன் பார்த்த வீடியோவில் வரவில்லை. மனுஷர் கூடை நிறையச் சிப்பியோடு மேலே வந்து கண்ணைத் துடைப்பதற்குள், "ரேஞ்ச் பத்தல, இன்னும் ரெண்டு பாகம் கீழ போயிருக்கலாம்" என்கிறான். மச்சினன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் தம்பியைக் கடலில் தள்ளுகிறான். சுறா வருகிறது. "வால மட்டும் ஆட்டாதீங்க, ஃபுல் பாடியா நீந்துங்க" என்கிறான் தம்பி. சுறா மன்னார் வளைகுடாவை விட்டே போய்விடுகிறது. கடல்கட்டிக்குப் பிழைப்புப் போயிற்று.

எங்கே விட்டேன்? ஆமாம், காரணம். அதற்கு முன் புரோட்டீன். "என்ன சாப்பிடுறீங்க அண்ணாச்சி?" என்றான். சாளைக் குழம்பு என்றேன். "அது ஓகே, ஆனா வே எடுக்கணும்" என்றான். டப்பா விலையைச் சொன்னான். அந்தக் காசுக்கு மாதம் முழுக்க என் வீட்டில் நெத்திலி வாங்கலாம், பூனைக்கும் சேர்த்து.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் டாக்டரும் அதையே சொன்னார், நானும் போகிறேன். அவரிடம் நானாகப் போய், ஃபீஸ் கொடுத்து, கேட்டு வாங்கிய புத்தி அது. தம்பி ஃபீஸ்கூட வாங்குவதில்லை. வாங்கினால் வேண்டாம் என்றாவது சொல்லலாம்.

அந்த முக்கியமான காரணத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். மணி ஐந்தாகிவிட்டது, இப்போதே போனால்தான் ஐந்து கிலோ டம்பெல் ஜோடியாகக் கிடைக்கும். அவனுகள் வந்துவிட்டால் ஒன்று கண்ணாடி ஓரம் கிடக்கும், இன்னொன்று தண்ணீர் கேனுக்குப் பின்னால்.