எழுத்துக் கிரேக்கம், உறவு நிரந்தரம்

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘சொராரிட்டி’ எனப்படும் மாணவியர் சங்கம், அதாவது இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்டு, அம்மொழியை அறியாமலேயே தலைமுறை தலைமுறையாகத் தழைத்துவரும் உடன்பிறவாச் சகோதரியர் கூட்டம், தன் பொதுப்பெயருக்கு ஓர் ஆணிடமே கடன்பட்டுள்ளது. 1874இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய காமா ஃபை பீட்டா சங்கத்தைச் சகோதரர் குழு எனப் பொருள்படும் ‘ஃபிரட்டர்னிட்டி’ என்ற சொல்லால் அழைப்பது பொருந்தாதெனக் கருதிய லத்தீன் பேராசிரியர் ஒருவர் 1882இல் ‘சொராரிட்டி’ என்ற சொல்லைப் பரிந்துரைத்தார்.

உடன்பிறந்தாரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இயற்கை எவருக்கும் அளிக்கவில்லை என்றாலும், ‘ரஷ்’ எனப்படும் ஆள்சேர்ப்பு நாள்களில் உடையையும் உரையாடலையும் புன்னகையையும் எடைபோட்டு, அக்குறையை இச்சங்கங்கள் சில நாள்களிலேயே தீர்த்துவிடுகின்றன. அவ்வாறு வாய்த்த உறவு பட்டமளிப்போடு முடிவதில்லை. முன்னாள் மாணவியருக்கெனத் தனிக் கிளைகளும், அவற்றுக்கெனத் தனிச் சந்தாவும் உண்டு.

1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவியர் நிறுவிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் உறுப்பினரான கமலா ஹாரிஸ் 2020இல் துணை அதிபர் வேட்பாளரானபோது, சகோதரியர் பலர் சரியாக 19.08 டாலர் நன்கொடை அனுப்பினர். தோழியின் பிறந்த நாளே மறந்துபோகும் உலகில், சங்கம் பிறந்த ஆண்டைச் சில்லறைக் காசு வரை நினைவில் வைத்திருப்பதே நீடித்த நட்புக்கு இலக்கணம் போலும்.