பவளுக்குக் கிடைத்த பராமரிப்பு

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே எஞ்சின்களைப் பிரித்துச் சொல்லத் தெரியும். குறிகட்டுவானுக்கு வரும் லோஞ்ச் ஒரு மாதிரி இரையும். கடற்படையின் டோறாப் படகு வேறு மாதிரி. வேலணைத் தெருவில் பவள் வந்தால் வீட்டுத் தகரமே அதிரும்.

பவள் என்று நாங்கள் சொன்னது தென்னாபிரிக்காவின் பஃபல் கவச வாகனத்தை. 1980களின் நடுப்பகுதியில் அது இலங்கை இராணுவத்தின் கைக்கு வந்தது. என் ஐயா லோஞ்ச் எஞ்சின் திருத்துகிறவர். பவள் தெருவில் திரும்பும்போதே நாங்கள் மதிலுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவோம். அவர் மட்டும் காதைக் கொடுத்து நிற்பார். "நேரத்துக்கு ஒயில் மாத்தியிருக்கிறாங்கள், ஃபில்டரும் மாத்தியிருக்கிறாங்கள். சத்தத்திலையே தெரியுது தம்பி" என்பார். அந்த வாகனத்தில் அவருக்கு எந்தப் பிரியமும் இருக்கவில்லை. தன் கையிலுள்ள எஞ்சினுக்கு அதைச் செய்ய முடியவில்லையே என்ற ஏக்கம்தான் அப்படிப் பேச வைத்தது.

பின்னாளில் நானும் அதே தொழிலுக்கு வந்தபோது பவளைப் பற்றித் தேடிப் படித்தேன். அடிப்பாகம் ஆங்கில வி எழுத்துப் போல இறங்கியிருக்கும். கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் இரண்டு பக்கமும் சிதறிப் போகும். வெடிப்பின் தாக்கத்தைத் தணிக்க ரயருக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். உள்ளே இருப்பவர் தூக்கி எறியப்பட்டுக் கழுத்து முறியாமல் இருக்க ஆசனத்தில் வாரால் கட்டப்பட்டிருப்பார். இத்தனையும் வேலை செய்ய வேண்டுமானால் ரயர்த் தண்ணீரை யாராவது பார்க்க வேண்டும், வாரின் தையலை யாராவது இழுத்துப் பார்க்க வேண்டும். இராணுவத்தின் பட்டறைகளுக்கு அது அன்றாட வேலை. அங்கேயே யூனிகோர்ன், யூனிபஃபல் என்று உள்நாட்டுக் கவச வாகனங்களும் பிறந்தன. பிற்காலத்தில் யூனிபஃபல் ஐ.நா. பணிக்காக மாலி நாடு வரை போனது.

கவசம் இல்லாத வாகனம் என்ன ஆகும் என்பதையும் எங்கள் மண்ணே கண்டது. 1992 ஆகஸ்ட் 8 அன்று அராலித்துறையில் நடந்த வெடிப்பில் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும் அவருடன் போன அதிகாரிகளும் உயிரிழந்தார்கள். அவர்கள் போனது லான்ட் றோவரில்.

எங்கள் பக்கம் என்ன இருந்தது? பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் துளி பெற்றோலில் மூச்சுப்பிடித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. ஐயா டீசலை வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிப்பார். பழைய ரியூப்பை வெட்டி வாஷர் செய்வார். கஸ்கெற் கிழிந்தால் தடித்த மட்டையில் அச்சுப் பார்த்து வெட்டி, கிறீஸ் பூசிப் போடுவார். கெட்டித்தனம்தான், ஆனால் அதை நான் கொண்டாட மாட்டேன். அந்த எஞ்சினை நம்பிக் கர்ப்பிணிப் பெண் நெடுந்தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவாள். நடுக்கடலில் அது நின்றால், உடுத்த சேலையைத் தவிர அவளிடம் வேறொன்றும் இருக்காது. உயிர்காப்பு அங்கியை அந்த நாளில் எங்கள் லோஞ்சில் நான் கண்டதே இல்லை.

அங்கி இருந்திருந்தாலும் 1985 மே 15 அன்று குமுதினியில் வந்தவர்களைக் காப்பாற்றியிராது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த அந்தப் படகில் கடற்படையினர் ஏறி, கைக்குழந்தை உட்படப் பலரை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. அதே குமுதினி திரும்பவும் சேவைக்கு வந்து, சனத்தை ஏற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓடியது. அந்தப் பலகைகளைக் கழுவியவர்களும் செப்பனிட்டவர்களும் என்ன மனத்தோடு செய்திருப்பார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

2009இல் போர் முடிந்தது. பவள்கள் தெருவை விட்டுப் போயின. குறிகட்டுவான் இறங்குதுறையில் இப்போது தெற்கிலிருந்து நயினாதீவின் நாகதீப விகாரைக்கு வருபவர்களும் நயினை நாகபூஷணி அம்மனிடம் போகும் எங்கள் சனமும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். படகுகளில் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிகளும் வந்துவிட்டன. ஐயா இருந்து பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். உடனேயே ஒன்றைத் தூக்கித் தையலையும் பார்த்திருப்பார்.

நானும் அப்படித்தான் பார்த்தேன். வெயிலில் நிறம் வெளுத்த துணி, உப்பில் இறுகிய கொளுக்கி, ஆட்கள் மேலே இருந்து இருந்து சப்பளிந்த நுரைத்தகடு. "இதைக் கடைசியாய் எப்ப தண்ணியிலை போட்டுப் பார்த்தனீங்கள் தம்பி?" என்று கேட்டேன். "ஆரும் கேட்டதில்லை அண்ணை" என்றான் படகுப் பொடியன். அவனில் பிழை இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை.

படைவீரன் போடும் குண்டு துளைக்காத அங்கிக்கு உத்தரவாதக் காலம் பெரும்பாலும் ஐந்து வருடம். கெவ்லார் போன்ற இழைகள் ஈரத்திலும் வெயிலிலும் வலுவிழக்கும். பீங்கான் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் உண்டு. நச்சுவாயு முகமூடியின் வடிகட்டிக்கும் காலாவதித் தேதி இருக்கிறது. சண்டைக்குப் போகிறவனின் உடம்புக்கு இத்தனை கணக்கு இருக்கும்போது, அம்மனுக்கு நேர்த்தி வைத்துக் கடல் கடக்கும் ஆச்சியின் உடம்புக்கு ஏன் இருக்கக் கூடாது?

செலவும் பெரிதில்லை. நுரை அங்கியை விரலால் அழுத்திவிட வேண்டும். பழைய தடிப்புக்குத் திரும்பாவிட்டால் கழித்துவிடலாம். வாரை முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்கலாம். பாரம் கட்டி நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாம். வாயு நிரம்பும் வகையென்றால் சிலிண்டரை நிறுத்து, அதில் பொறித்த நிறையோடு ஒப்பிட வேண்டும். விளக்கு இருந்தால் அதன் பற்றறித் தேதியைப் பார்க்க வேண்டும். சிறுபிள்ளைகளுக்குத் தனி அளவு வேண்டும். பெரியவரின் அங்கிக்குள்ளால் பிள்ளை நழுவிப் போய்விடும்.

ஆனி மாதம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் கொடியேறுமுன் இந்த வேலை நடக்க வேண்டும். ஒவ்வொரு படகின் ஏறுவாயிலிலும் எஞ்சின் கடைசியாகத் திருத்திய தேதி, அங்கிகள் சோதித்த தேதி, அங்கிகளின் எண்ணிக்கை, ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை நான்கையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். சோதிக்கக் கூப்பிட்டால் பழைய மெக்கானிக்குகள் நாங்கள் சிலர் தீவுகளில் இன்னும் இருக்கிறோம். கூலி கேட்க மாட்டோம்.